தோற்புற்றின் குலபேதம்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் வாழ்கிறவர்களுக்கு வெயிலின் உக்கிரத்தைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பங்குனி சித்திரையில் கொல்லையில் குந்தி மல்லாட்டை என்னும் நிலக்கடலை பிடுங்குகிற பெண்களும், கரும்பு வெட்டித் தலைச்சுமையாய் வண்டிக்குக் கொண்டுசேர்க்கிற ஆட்களும், மரக்காணத்து உப்பளத்தில் வானத்திலிருந்து இறங்கும் கதிரோடு வெண்பாத்தியில் பட்டு மேலெழும் கதிரையும் ஒருசேர முகத்தில் தாங்கி உப்பு வாருகிறவர்களும் ஆண்டின் பெரும்பகுதியைத் திறந்த வெளியிலேயே கழிக்கிறார்கள். தோற்புற்றுக்குச் சூரியனே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது முழு உண்மையாயின், உலகத்தில் இந்நோய் மிகுந்த பிரதேசங்களுள் ஒன்றாக இந்தப் பழைய தென்னாற்காட்டுப் பகுதி இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆஸ்திரேலியாவில் மூவருள் இருவர் எழுபது வயதுக்குள் ஏதேனும் ஒருவகைத் தோற்புற்றுக்கு ஆளாகிறார்கள் என்று கணக்கிடப்பட்டிருக்க, இந்தியப் பதிவேடுகளில் தோற்புற்றுக்குரிய இடம் மிகச் சிறியது. அதிலும் ஒரு விசேஷம் உண்டு. இங்கே வருகிற அந்தச் சொற்பமான நோயிலும் கணிசமான பங்கு, வெயில் எட்டிப் பாராத உள்ளங்காலிலும், பழைய தீக்காயத் தழும்பிலும், ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணின் விளிம்பிலும் தலைகாட்டுகிறது. வெயில் இருந்தும் நோய் குறைவு. வந்த நோயோ வெயில் படாத இடத்தில். இவ்விரண்டு முரண்களையும் ஒருங்கே விளக்குவது, சென்ற முப்பது ஆண்டுகளில் மரபணு ஆராய்ச்சி வகுத்துக் காட்டியிருக்கிற தோற்புற்றின் குலபேதமே ஆகும்.

திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த நிலக்கடலை ரகங்கள் டி.எம்.வி. என்ற முன்னெழுத்தைத் தாங்கி நாடு முழுதும் சென்றிருக்கின்றன. அவ்வெழுத்துகள் திண்டிவனத்தையே குறிப்பவை. இவ்வூர்க் குடியானவர் எவரும் கடலை என்று பொதுவாகச் சொல்லி விதை வாங்குவதில்லை. என்ன ரகம், எத்தனை நாளில் முற்றும், மானாவாரிக்கு ஏற்குமா என்று கேட்டே மடியை அவிழ்ப்பார். புற்று விஷயத்தில் மட்டும் ‘தோலில் கேன்சர்’ என்ற ஒரே சொல்லோடு கேள்வி நின்றுவிடுகிறது. அடுத்துக் கேட்கவேண்டிய கேள்வியில்தான் நோயாளியின் ஆயுளும், மருந்தின் தேர்வும், குடும்பத்தாருக்கு அபாயம் உண்டா இல்லையா என்பதும் அடங்கியிருக்கின்றன.

மேல்தோலின் அடிவரிசையில் இருக்கும் உயிரணுக்களை ஒத்து வளர்வது அடியணுப் புற்று. மேலேறித் தட்டையாகிச் செதிலாய் உதிரும் உயிரணுக்களில் பிறப்பது செதிலணுப் புற்று. தோலுக்கு நிறம் ஊட்டுகிற மெலனின் என்னும் கருநிறப் பொருளைச் செய்யும் உயிரணுக்களில் எழுவது மெலனோமா. முதலிரண்டும் பெரும்பாலும் வெட்டியெடுத்தால் தீர்வன. மூன்றாவது, எண்ணிக்கையில் குறைந்ததாயினும், நெறிகட்டிக்கும் நுரையீரலுக்கும் மூளைக்கும் விரைந்து பரவுவது. பழைய வகுப்பு இது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண்டதை வைத்துச் செய்யப்பட்டது. மரபணுக்களைப் படிக்கும் வித்தை கைவந்த பின், இந்த மூன்றினுள்ளும் உட்குலங்கள் புலப்பட்டன. உருவத்தில் ஒன்றாகத் தோன்றியவை உற்பத்தியில் வேறுவேறாக இருப்பது தெரியவந்தது.

முதலில் வெயிலுக்கு உரியதை வெயிலுக்குக் கொடுத்துவிடுவோம். புற ஊதாக் கதிர் தோலணுவினுள் புகும்போது, டி.என்.ஏ. என்னும் மரபிழையில் சைட்டோசின், தைமின் என்ற எழுத்துகளுள் அடுத்தடுத்து நிற்கும் இரண்டை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அந்தப் பிணைப்பு அவிழ்க்கப்படாமலேயே உயிரணு இரண்டாய்ப் பிரியுமானால், சைட்டோசின் நின்ற இடத்தில் தைமின் வந்து அமர்கிறது. சில வேளை அடுத்தடுத்த இரண்டு சைட்டோசின்களும் ஒருங்கே மாறிவிடுகின்றன. இவ்வளவு தெளிவான கையொப்பத்தை விட்டுச் செல்பவை அரிது. 1991-இல் அமெரிக்காவில் டக்ளஸ் பிராஷும் அவருடைய சகாக்களும் செதிலணுப் புற்றுகளில் பி 53 என்னும் காவல் மரபணுவை ஆராய்ந்து, அதன் பழுதுகளில் இந்தக் கையொப்பத்தைக் கண்டார்கள். சேதமுற்ற உயிரணுவைப் பெருகவிடாமல் நிறுத்துவதும், மீறினால் அதனைத் தற்கொலை செய்துகொள்ளத் தூண்டுவதும் அந்த மரபணுவின் கடமை. அது கெட்டபின் தடுப்பார் இல்லை.

அடியணுப் புற்றின் வரலாறு வேறு. பழ ஈயின் கரு எவ்வாறு உருப்பெறுகிறது என்று ஆராய்ந்து 1995-இல் நோபல் பரிசு பெற்ற கிறிஸ்டியான் நஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் கண்டுபிடித்த மரபணுத் தொகுதி ஒன்று மனிதரிடத்தும் உண்டு. ‘ஹெட்ஜ்ஹாக்’ பாதை என்று அதற்குப் பெயர். அந்தப் பாதைக்குக் கடிவாளமாக நிற்கும் பேட்ச்டு என்ற மரபணு பழுதுபட்டால் அடியணுக்கள் கட்டின்றிப் பெருகுகின்றன என்பது 1996-இல் நிறுவப்பட்டது. இப்பழுதைப் பிறவியிலேயே பெற்றவர்களுக்கு இளமையிலேயே பல அடியணுப் புற்றுகள் தோன்றுவதை 1960-இல் கார்லினும் கோல்ட்ஸும் விவரித்திருந்தார்கள். ஈயின் கருவில் தொடங்கிய அந்த ஆராய்ச்சி, 2012-இல் விஸ்மோடெகிப் என்னும் மாத்திரையாக மருந்துக் கடைக்கு வந்தது. கத்தி வைக்க முடியாத இடத்தில் கண்ணையும் மூக்கையும் அரித்துச் செல்லும் அடியணுப் புற்றுக்கு அது உதவுகிறது. பக்கத்திலேயே இருக்கும் செதிலணுப் புற்றுக்கு அதனால் பயனில்லை. இரண்டின் குலமும் வேறாக இருப்பதே அதற்குக் காரணம்.

இனி, நம்மவர்க்கு ஏன் குறைவு என்பதற்கு விடை கருமேனியில் இருக்கிறது. மெலனின் துகள்கள் மேல்தோலின் உயிரணுக்களில் உட்கருவின் மீது குடைபோல் கவிந்து நின்று கதிரை உறிஞ்சிக்கொள்கின்றன. கருநிறத்தைத் தாழ்வாகக் கருதி, சிவப்பழகுக் களிம்புகளைத் தடவி, அந்தக் களிம்புகளில் சிலவற்றில் கலந்திருக்கும் ஸ்டீராய்டினால் தோலை மெலியச் செய்துகொள்ளும் நம் யுவதிகளை நினைக்கும்போதெல்லாம் என் மனம் வருந்துகிறது. பரம்பரை தந்த கவசத்தைப் பணம் கொடுத்துக் கழற்றுகிறார்கள்.

அந்தக் கவசம் இல்லாமல் பிறப்பவர்களும் நம்மிடையே உண்டு. டைரோசினேஸ் முதலிய மரபணுக்கள் தாய்வழி, தந்தைவழி இரண்டு பிரதியிலும் பழுதுபட்டால், கரிய பெற்றோருக்கு வெண்மேனியும் வெண்மயிரும் வெயிலுக்குக் கூசும் கண்ணும் கொண்ட குழந்தை பிறக்கிறது. இடையில் நிறம் இழந்து வெண்புள்ளி படருகிறவர்களை இதனோடு சேர்த்து எண்ணலாகாது. அவர்களுக்கு இந்த அபாயம் இல்லை. பிறவியிலேயே நிறமற்றவருக்கோ, நம் வெயிலில் முகத்திலும் கழுத்திலும் காதிலும் செதிலணுப் புற்று இளவயதிலேயே வரக்கூடும். இதனினும் கொடியது, பிணைந்த எழுத்துகளை வெட்டித் திருத்தும் சக்தியே பிறவியில் இல்லாத நிலை. ‘சீரோடெர்மா பிக்மென்டோசம்’ என்று அதற்குப் பெயர். அதன் அடிப்படை மரபிழைச் செப்பனிடுதலின் குறைபாடே என்று 1968-இல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். குழந்தை பிறந்து ஓரிரண்டு ஆண்டுகளில் முகமெல்லாம் கரும்பொட்டுகள் விழுந்து தோல் வறண்டு போகும். இருபது வயதுக்குள் மெலனோமா அல்லாத தோற்புற்று வரும் அபாயம் அவர்களுக்குப் பிறரைக் காட்டிலும் பதினாயிரம் மடங்கு.

இவ்விரண்டு பிணிகளும் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுற்ற பிரதி வந்து சேர்ந்தாலன்றி வெளிப்படுவதில்லை. மாமன் மகளையும் அத்தை மகளையும் அக்காள் மகளையும் உரிமைப் பெண்ணாகக் கொள்ளும் வழக்கம் நம் ஜில்லாவில் இன்னும் தளர்ந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் மணங்களில் கால்பங்குக்கும் மேல் இரத்த உறவில் நடப்பவை என்று தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. தாய்மாமனை மணந்தவளின் குழந்தைக்கு, எந்த ஒரு மரபணுவிலும் ஒரே மூதாதையின் ஒரே பிரதி இரண்டு வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு எட்டில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகளானால் பதினாறில் ஒன்று. இதைச் சொல்வதால் வழக்கத்தைப் பழிக்கிறேன் என்று எவரும் கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு வீட்டில் இப்பிணிகளுள் ஒன்றோடு ஒரு குழந்தை பிறந்திருக்குமானால், அந்த வீட்டின் அடுத்த கல்யாணத்தை உறவுக்குள்ளேயே நிச்சயம் செய்யுமுன் மருத்துவரிடம் கலந்து பேசுவது பெரியோர்களின் கடமை; பிணி சீரோடெர்மாவாயின், அந்தக் குழந்தையை விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் மட்டுமே வெளியே விடுவதும் அவர்கள் பொறுப்பு.

இப்போது உள்ளங்காலுக்கு வருவோம். இக்கட்டுரையின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

மெலனோமாவில் பிராஃப் என்ற மரபணு பழுதுபட்டிருப்பதை 2002-இல் இங்கிலாந்தின் சாங்கர் நிலையத்தார் கண்டறிந்தார்கள். அவ்வப்போது வெயில் காய்ந்து சிவக்கும் வெள்ளையர் மேனியில் எழும் மெலனோமாக்களில் ஏறத்தாழப் பாதியில் இந்தப் பழுது உண்டு. அதைக் குறிவைத்து 2011-இல் வந்த வெமுராஃபெனிப் அவர்களுக்குப் பேருதவியாயிற்று. ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால், நகக்கண் ஆகிய இடங்களில் தோன்றும் மெலனோமாவுக்கு ‘ஏக்ரல்’ மெலனோமா என்று பெயர். 1976-இல் ரிச்சர்ட் ரீட் அதனைத் தனி வகையாக விவரித்தார். ஐரோப்பிய மரபினரின் மெலனோமாக்களில் இது நூற்றுக்கு இரண்டு மூன்று. ஆசியரிடத்தோ ஏறத்தாழச் சரிபாதி. இதைக் கேட்டுக் கருமேனியினருக்கு இந்நோய் அதிகம் போலும் என்று எண்ணிவிடுதல் பிழை. ஏக்ரல் மெலனோமா எல்லா இனத்தாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது; மற்றவை நம்மிடம் குறைந்திருப்பதால் இது மேலெழுந்து தெரிகிறது. ஆதலின் வெயிலிலிருந்து மெலனின் நம்மைக் காக்கிறது என்பதும், இந்த ஒரு குலத்துக்கு எதிராக அக்கவசம் செல்லாது என்பதும் ஒரே கணக்கிலிருந்து விளங்குகின்றன.

போரிஸ் பாஸ்டியனின் குழுவினர் 2005-இல் 126 மெலனோமாக்களை, அவை தோன்றிய இடத்தையும் பட்ட வெயிலையும் கொண்டு நான்காகப் பிரித்து ஒப்பிட்டனர். இடம் மாறினால் மரபணுப் பழுதும் மாறுகிறது என்பது தெரிந்தது. அடுத்த ஆண்டிலேயே ஏக்ரல் வகையிலும் வாய், மூக்கு முதலிய சவ்வுகளில் எழும் வகையிலும் கிட் என்னும் மரபணு பழுதுபடுவதைக் காட்டினார்கள். 2017-இல் ஆஸ்திரேலியர் 183 மெலனோமாக்களின் மரபிழையை முழுமையாகப் படித்து வெளியிட்ட ஆய்வு இதை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியது. வெயில் படும் தோலில் எழுந்தவற்றில் சைட்டோசின் தைமினாக மாறிய ஒற்றையெழுத்துப் பிழைகள் இலட்சக்கணக்கில் மண்டிக் கிடந்தன. உள்ளங்காலில் எழுந்தவற்றிலோ அவ்வகைப் பிழை மிகச் சொற்பம்; அதற்கு ஈடாகக் குரோமோசோம்கள் ஒடிந்தும், இடம் மாறி ஒட்டியும், சைக்ளின் டி 1 போன்ற மரபணுக்கள் பல பிரதிகளாகப் பெருகியும் இருந்தன. சூரியனின் கையொப்பம் அங்கே பெரும்பாலும் காணப்படவில்லை.

அப்படியானால் எதன் கையொப்பம்? 2016-இல் ஜப்பானிய ஆய்வாளர் சிலர், உடலின் பாரத்தைத் தாங்கும் குதிகாலிலும் முன்பாதத்திலுமே இந்நோய் மிகுந்து தோன்றுகிறது என்றும், உள்வளைவில் அரிது என்றும் படம் வரைந்து காட்டினர். ஓயாத அழுத்தமும் உராய்வும் உயிரணுப் பிரிவின்போது குரோமோசோம்களைக் குலைக்கின்றனவா என்ற வினா இன்னும் வாதத்தில் இருக்கிறது. பிறந்தது முதல் வெறுங்காலில் வரப்பில் நடந்து, சீமைக் கருவேல முள் தைத்து, முள்ளை ஊசியால் நெம்பி எடுத்து, மறுநாளும் அதே காலோடு சேற்றில் இறங்குகிற உழைப்பாளிகள் நிறைந்த நம் ஜில்லா அந்த வினாவுக்கு விடை தேடத் தக்க இடம்.

நடப்பது என்னவென்றால், குதிகாலில் பயறளவு கருமை ஒன்று தோன்றுகிறது. வலியில்லை, அரிப்பில்லை. சேற்றுக்கறை என்றோ மச்சம் என்றோ விட்டுவிடுகிறார்கள். தடித்தபின் ஆணிக்கால் என்று பெயர் சூட்டி எருக்கம்பால் வைக்கிறார்கள். மயில்துத்தம் வைத்துச் சுடுகிறார்கள். பிளேடால் சீவியும் விடுகிறார்கள். புண்ணாகி நீர் வடியத் தொடங்கும் வேளையில் தொடையிடுக்கில் நெறி கட்டிவிடுகிறது. இதற்கு மாறாக, பயறளவாய் இருக்கும்போதே தோல் மருத்துவர் ஒரு சிறு விளக்குக் கண்ணாடியை வைத்துப் பார்ப்பாரானால், ஜப்பானிய மருத்துவர் தோஷியாகி சாய்தா வகுத்த விதி அவருக்கு வழிகாட்டும்: உள்ளங்காலின் ரேகைகளில் கருமை பள்ளத்தை ஒட்டி ஓடினால் அது பெரும்பாலும் சாதாரண மச்சம், வியர்வைத் துளைகள் வரிசையாய்த் திறந்திருக்கும் மேட்டை ஒட்டி ஓடினால் அஞ்ச வேண்டியது. ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போதே அறுத்துவிட்டால் பெரும்பான்மையோர் பிழைத்துவிடுவர் என்பது, 1970-இல் பிரெஸ்லோ ஆழத்தை அளக்கும் முறையைக் கண்டது முதல் உறுதிப்பட்ட செய்தி. நகத்தில் நெடுகக் கருங்கோடு விழுந்து, அது அகன்று நகக்கண் தோலிலும் படருமானால், நகச்சுத்தி என்று வைத்தியம் பார்த்துக் காலம் கடத்தலாகாது. பாடகர் பாப் மார்லி 1981-இல் முப்பத்தாறு வயதில் மறைந்தது கால் பெருவிரல் நகத்தடியில் தோன்றிய இந்நோயினால்தான்.

செதிலணுப் புற்றிலும் வெயில் சாராத ஒரு கிளை உண்டு. தழும்பில் எழும் புண்ணை 1828-இல் பிரெஞ்சு மருத்துவர் மார்ஜொலின் வருணித்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. கூரை தீப்பற்றியோ மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்தோ சிறுவயதில் வெந்து, தோல் ஒட்டாமல் தானாகவே சுருங்கி ஆறிய தழும்பு, முப்பது ஆண்டு கழித்து வெடித்துப் புண்ணாகும். தொழுநோயில் உணர்ச்சி அற்றுப்போன பாதத்தின் குழிப்புண்ணும் அவ்வாறே. திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இருக்கும் மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் பணியாற்றியோர் இதை நன்கறிவர். இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்தில் எழும் புற்றை 1945-இலேயே பம்பாயின் கானோல்கரும் சூரியாபாயும் எழுதியிருக்கிறார்கள். இடுப்பில் இறுகிய ஆடைக்கட்டு அறுத்த இடத்தில் புற்றுக் கண்ட இரண்டு பெண்களைப் பற்றி 2024-இல் வார்தா, மதுபனி மருத்துவர்கள் அறிவித்தனர். இந்தக் கிளையின் மரபணு ஆராய்ச்சி குறைவு. எனினும், தோல் தொட்டாலே கொப்புளிக்கும் ஒரு பிறவி நோயினரின் புண்ணில் எழும் செதிலணுப் புற்றை 2018-இல் ஆராய்ந்தவர்கள், பிழைகளிற் பெரும்பாலானவை வெயிலால் விளைந்தவையல்ல, வைரஸை எதிர்க்க உடலே வைத்திருக்கும் அபோபெக் என்ற நொதியால் விளைந்தவை என்று கண்டார்கள். ஆறாத புண் தன் காவலாளியின் வாளாலேயே வெட்டுண்கிறது. தீக்காயத் தழும்புப் புற்றும் அத்தகையதா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு, அந்நோய் மலிந்த நம் தேசத்துக்கே உரியது.

வங்காளத்துக் கிணற்று நீரின் ஆர்சனிக்கால் வரும் தோற்புற்றும், 2008-இல் கண்டறியப்பட்ட ஒரு வைரஸால் எழும் மெர்க்கல் அணுப் புற்றும் இவ்வரிசையில் சேர்ந்தவையே. நம் பக்கத்து அனுபவத்தில் அவை முக்கியமல்ல.

நோய் கண்டவர் செல்லும் வழி இங்கே ஓரளவு செப்பமாகவே இருக்கிறது. திண்டிவனம் அரசு மருத்துவமனையிலிருந்து முண்டியம்பாக்கத்தில் நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி, அங்கிருந்து புதுவை ஜிப்மர், அல்லது முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம் என்று பேருந்திலேயே போய்ச் சேரலாம். சதைத்துணுக்கு எடுத்து மெழுகில் பதித்து மெலனோமா என்று அறிக்கை கொடுப்பதுவரை எல்லாம் நடைபெறுகிறது. எந்தக் குலத்து மெலனோமா என்ற பரிசோதனை அதற்கப்பால் எல்லோருக்கும் நடப்பதில்லை. ஏக்ரல் வகையில் பிராஃப் பழுது உள்ளவர் ஆறேழு பேரில் ஒருவரே; ஆகவே மேல்நாட்டில் புகழ்பெற்ற வெமுராஃபெனிப் நம்மவரிற் பெரும்பாலோருக்கு ஆகாது. நோயெதிர்ப்பைத் தூண்டும் புதிய ஊசி மருந்துகளும், பிழைகள் மலிந்த வெயில்வகைப் புற்றில் காட்டும் வல்லமையை இதில் காட்டுவதில்லை. மாற்றமுற்ற புரதங்கள் குறைவாதலின் உடலின் காவற்படைக்கு எதிரியை அடையாளம் காண்பது கடினமாகிறது.

கிட் பழுது உள்ளவர்க்கு மட்டும் ஒரு வழி திறந்திருக்கிறது. இரத்தப் புற்றுக்கு வந்த இமாட்டினிப் என்ற மாத்திரை கிட் புரதத்தையும் அடக்கும். பழுது உரிய இடத்தில் இருப்பவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்குக் கட்டி சுருங்குகிறது; சிலருக்குச் சில மாதங்கள், சிலருக்கு அதைவிட அதிகம். இந்த மாத்திரையின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு. நோவார்டிஸ் கம்பெனி 1998-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2006-இல் அங்கே அது மறுக்கப்பட்டது. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவையே எதிர்த்து அக்கம்பெனி தொடுத்த வழக்கை 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் உரிமையில்லை என்று முடிவு கூறியது. அதனால் இன்று இந்தியக் கம்பெனிகள் செய்யும் இமாட்டினிப், மூலமருந்தின் விலையில் மிகச் சிறு பங்குக்குக் கிடைக்கிறது.

ஆதலின் நம் பகுதியில் உள்ளங்காலிலோ நகத்தடியிலோ மெலனோமா என்று அறிக்கை பெறும் ஒவ்வொருவருக்கும் கிட், பிராஃப் ஆகிய இரண்டு மரபணுக்களின் பரிசோதனையை அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் செலவிலேயே செய்துதர வேண்டும் என்று கேட்பது மிகையாகாது. நோயாளியின் குடும்பத்தாரும், அறுவை முடிந்து வீடு திரும்பும்போது அறிக்கைத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், மெழுகில் பதித்த துணுக்கையும் கண்ணாடித் தகட்டையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவார்களாக. பரிசோதனை பின்னொரு நாள் ஜிப்மரிலோ அடையாற்றிலோ செய்ய வேண்டி வந்தால், மறுபடி கத்தி வைக்காமல் அந்தத் துணுக்கிலிருந்தே மரபணுவைப் படித்துவிடலாம்.